ராஜாங்கம் முட்டையிடாத பதினேழு நாட்கள்

முதலில் வந்தது சத்தம்தான். கரக், கரக், கொஞ்சம் நின்று மறுபடியும் கரக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் கிடந்த ஆறுக்குட்டிக்கு அது பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தமாகப் பட்டது, சாப்பாடு முடிந்த வேளையில் எவள் தேங்காய் துருவுவாள் என்று தோன்றியதும் அடிப்பிடித்த குண்டாவைச் சுரண்டுகிற சத்தமாகப் பட்டது, எந்தக் குண்டாவும் இத்தனை நேரம் தாங்காதே என்று தோன்றியதும் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ராஜாங்கம், நான்கு வருஷமாகத் தரையில் கால் வைக்காத பச்சோந்தி, தனக்கென்று டிரம்மில் ஜல்லி போட்டு நட்டு வைத்திருந்த முருங்கைக் கிளையை விட்டு இறங்கி வந்து, ராசப்பன் லைன் வீடுகளின் பொது வாசல் சிமெண்டுத் தரையை முன்னங்கால் இரண்டாலும் பிறாண்டிக்கொண்டிருந்தது.

ஆறுக்குட்டிக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்பதையும் லைன்காரர்கள் விட்டுப் பத்து வருஷம் ஆயிற்று. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை அவருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்தவன் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் பட்டறையில் வெந்து வந்த துணியின் நிறமும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்கிற வேலை. கறுப்பில் மட்டும் நாற்பது கறுப்பு பிரித்துச் சொல்லுவார். பாய்லருக்கு வந்த விறகு லோடில் ஒட்டிக்கொண்டு ராஜாங்கம் வந்தபோது, விறகின் நிறத்திலேயே இருந்த அதை விறகு இல்லை என்று கண்டு நெருப்பு வாயிலிருந்து எடுத்தவரும் அவர்தான். எடுத்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வெட்டுக்கிளி பிடிக்கப் போவது, அது நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வதைப் பார்ப்பது, பட்டறையில் அன்றைக்கு எந்த ஷேடு தப்பியது என்று அதனிடம் சொல்வது, இவ்வளவுதான் அவருடைய குடும்பம்.

அன்றைக்கு ராஜாங்கம் பச்சையாக இல்லை. சிமெண்டு நிறத்தில் இருந்தது. தூக்கிக் கிளையில் விட்டபோதும் சிமெண்டு நிறம், இலைக்கு நடுவில் விட்டபோதும் சிமெண்டு நிறம். ஆறுக்குட்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பட்டறையில் முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தையைச் சொன்னார்.

"நெறம் புடிக்கல."

லைனில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டிலும் சாயத்திலோ பனியனிலோ பிழைக்கிற ஜனம், ஆகவே நிறம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு வழி தெரிந்திருந்தது. ஒருவர் உப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒருவர் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரம் வைத்து மெதுவாகச் சூட்டை ஏற்றச் சொன்னார், நல்லவேளையாக ஏற்றவில்லை. ஏழாம் நம்பர் வீட்டுக் கோகிலவாணி, பனியனில் பிசிறு வெட்டுகிறவள், லைனிலேயே வாய் நீளமானவள், கத்திரியை ஆட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"மொறச்சுக்கிட்டு இருக்குதுங்ணா. சட்டை எதாச்சும் புதுசா காட்டுனீங்களா?"

ஆறுக்குட்டி ஷேடு கார்டையே கொண்டுவந்து காட்டினார். பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், இரண்டு பக்கமும் ஒட்டிய இருநூற்றுப் பதினாறு துண்டு, ஒவ்வொன்றையும் அதன் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காத்திருந்து, நோட்டில் குறித்துக்கொண்டார். ராஜாங்கம் ஒரு கண்ணால் கார்டையும் ஒரு கண்ணால் தரையையும் பார்த்தது. அவர் பட்டறைக்குப் போனதும் இறங்கிவந்து, அதே இடத்தை, கரக், கரக்.

மூன்றாம் நாள் காலையில் கோகிலவாணி தன் வீட்டுப் பச்சைக் கதவில் சாய்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது, தபால் கொண்டுவந்தவர் கதவடியில் ஒரு மூக்குத்தியும் ஒரு சேலையும் ஒரு கத்திரியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அம்மா இல்லீங்களா என்று கேட்டார். இருக்கறனுங், குடுங்க, என்றது கதவு. அவர் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் லைனில் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. ராஜாங்கம் விட்டுவிட்ட வேலையை ராசப்பன் லைன் எடுத்துக்கொண்டது. சாய்ந்தால் சுவர் நிறம், படுத்தால் பாய் நிறம், பாய் கோடு போட்டதாக இருந்தால் கோடும் விழுந்தது.

சாயத்தில் பிழைக்கிறவர்களுக்கு இதில் பெரிய கலக்கம் ஒன்றும் வரவில்லை. யாருக்கு எது நன்றாகப் பிடிக்கிறது, யாருக்குத் திட்டுத் திட்டாக விழுகிறது என்பதில்தான் பேச்சு இருந்தது. இரண்டே நாளில் நடைமுறை ஏற்பட்டுவிட்டது. உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது வரும் சத்தம் கேட்டால் இருமவேண்டும். தாறுமாறாகப் படுத்துத் தூங்குகிறவர்களைச் சுற்றி வீட்டார் சாக்கட்டியால் கோடு போட்டு வைக்கவேண்டும். டவுன் பஸ்ஸில் நீல சீட்டில் நீலச் சட்டையோடு உட்கார்ந்த நான்காம் நம்பர்காரர் மேல் ஒரு பெரிய அம்மாள் கூடையோடு உட்கார்ந்துவிட்டு, ஸ்டாப்பிங் வரும் வரை இன்றைக்கு சீட்டு மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள், அவரும் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நம்பர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஒறம்பரை வந்தார்கள். பெண் ரோஸ் சேலையில் ரோஸ் சுவரை ஒட்டி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, சுவர் லட்சணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் அவரைப் புடிக்கலைம்மா, என்றது சுவர்.

பட்டறையில் ஆறுக்குட்டிக்குத்தான் யோகம் அடித்தது. வந்திருந்த துண்டுத் துணிமேல் அவர் இடது கையை வைப்பார், வெந்து வந்த துணிமேல் வலது கையை வைப்பார், இரண்டு கையையும் சேர்த்துக் காட்டுவார், அவ்வளவுதான். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கை சொல்லிவிடும். ஒன்பது நாளில் நிறம் சரியில்லை என்று ஒரு லாட்டுத் துணிகூடத் திரும்பவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக முதலாளி அவருக்குத் தன் ரூமில் வைத்து டீ வாங்கிக் கொடுத்தார், டீ கிளாஸைப் பிடித்த விரல்கள் டீ நிறத்தில் இருந்தன.

ராஜாங்கம் மட்டும் சாப்பிடவில்லை. வெட்டுக்கிளியைக் கண்டும் நாக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அது கிளையில் பிடி தவறித் தொங்கியபோது, ஆறுக்குட்டி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே மாடும் ஆடும் வரிசையில் நின்றன. காத்திருந்த நேரத்தில் ஒரு சீமை மாட்டின்மேல் சாய்ந்துவிட்டதால், டாக்டர் நூர்ஜஹான் முன்னால் ஆறுக்குட்டி கறுப்பும் வெள்ளையுமான திட்டோடு போய் நின்றார். நூர்ஜஹான் நிமிர்ந்து பார்த்தார், இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை.

"நீங்களா நோயாளி?"

"இல்லீங், இது. ராஜாங்கம். பன்னண்டு நாளா நெறம் புடிக்கலீங். உப்புப் போட்டும் பாத்துட்டம்."

டாக்டர் அதை வாங்கி வயிற்றை விரலால் தடவினார், இன்னொரு தடவை தடவினார்.

"நிறத்தை விடுங்க. வயித்தைத் தொட்டுப் பாத்தீங்களா? உள்ள பூரா முட்டை. முப்பதுக்குக் கொறையாது."

"ஆணுங்களே அது."

"ஆணுன்னு யாரு சொன்னா?"

"கம்பீரமா இருந்துச்சுங்."

டாக்டர் சிரிப்பை மேஜைக்குள் குனிந்து எதையோ தேடுவதுபோல முடித்துக்கொண்டு, சுண்ணாம்புச் சத்து மருந்தைச் சொட்டாக அதன் வாயில் விட்டார். ஜோடி இல்லாமலும் பச்சோந்திக்கு முட்டை வரும், ஆனால் போடுவதற்குத் தோண்ட மண் வேண்டும், ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண், கிடைக்காவிட்டால் அடக்கிக்கொள்ளும், அடக்கி அடக்கிச் செத்துவிடும் என்றார். "இது எத்தனை நாளா தரையைப் பிறாண்டுது?"

ஆறுக்குட்டி ராஜாங்கத்தைத் துண்டில் திரும்பச் சுற்றினார். வரும் வழியெல்லாம் துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நாற்பது கறுப்பு தெரிந்த கண்ணுக்கு ஒரு வயிறு தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டு நாளும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மேலே இருப்பதையே பார்த்துப் பழகிய கண்.

விஷயம் லைனில் பரவியதும் அப்பா யார் என்ற கேள்விதான் முதலில் எழுந்தது, அடுத்த வீதி வேலியில் இருக்கும் ஓணான்மேல் எல்லாருக்கும் சந்தேகம். ஜோடி தேவையில்லையாம் என்று ஆறுக்குட்டி சொன்னதும் கோகிலவாணி தலையாட்டினாள்.

"இந்த லைன்ல யாரையும் கேக்காம காரியம் பண்றது அது ஒண்ணுதான்."

பெயரை மாற்றலாமா என்று யோசித்து, நான்கு வருஷம் கூப்பிட்ட பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று.

பக்கெட்டில் ஈர மண் நிரப்பி ராஜாங்கத்தை இறக்கினார்கள். யாரும் பார்க்கக்கூடாது, பார்த்தால் நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னதை ஆறுக்குட்டி சொல்லி முடிப்பதற்குள் பக்கெட்டைச் சுற்றிப் பன்னிரண்டு வீடும் கூடிவிட்டது. அது ஏறி வெளியே வந்தது. மறுநாள் எல்லாரும் சுவரோடு சுவராக நிறம் மாறி நின்றார்கள், இனி நாம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும் என்று. ராஜாங்கம் பக்கெட்டின் விளிம்பில் நின்று, வலது கண்ணைத் தனியாகவும் இடது கண்ணைத் தனியாகவும் சுழற்றி, சுவர் நெடுக ஒவ்வொருவர் முகத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. நிறம் மாறி நிற்கிறவர்களைக் கண்டுபிடிப்பது அதற்குப் பரம்பரைத் தொழில். சரி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம் என்றார்கள், சாத்தினார்கள், சாத்திய கதவுகளின் இடுக்கில் நாற்பத்தேழு கண்கள் இருந்தன. எல்லாத் தடவையும் ராஜாங்கம் பக்கெட்டை விட்டு இறங்கித் தள்ளாடிப் போய் நின்றது அந்தப் பழைய இடத்தில்தான், குழாயடிக்கு ஐந்தடி தள்ளி, சிமெண்டில்.

பட்டறையில் முதலாளி மறுபடியும் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஆறு, அது முட்டை போட்டுருச்சுன்னா உன் கை பழையபடி ஆயிருமா?"

"ஆயிரும்னுதான் நெனைக்கறனுங்."

"அப்ப தீபாவளி ஆர்டர் போகட்டும். அப்பறம் போடட்டும்."

"அதுகிட்ட அப்படிச் சொல்ல முடியாதுங்," என்றார் ஆறுக்குட்டி. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் ராஜாங்கம் பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. டாக்டருக்குப் போன் செய்தபோது, பகலில் கண் மூடினால் அதிகம் போனால் ஒரு நாள் என்றார். ஆறுக்குட்டி வாசல் நடுவில் நின்று, ஒருபோதும் சத்தம் போட்டுப் பேசாதவர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தரையை ஒடைக்கோணும்."

எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரை சாமானியப்பட்ட தரை இல்லை. மழை வந்தால் முழங்கால் சேறாக இருந்த வாசல் அது, ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு, போன தை மாதம்தான் ராசப்பன் சிமெண்டு போட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கழுவினார்கள். விருந்தாளி வந்தால் செருப்பைத் தெருவில் விடச் சொன்னார்கள். லைனின் சொந்தக்காரரான ராசப்பன் முதல் வீட்டிலேயே குடியிருந்ததால் அவருக்கும் நிறம் பிடித்திருந்தது, சத்தம் கேட்டு வந்து தன் வீட்டு வெள்ளைச் சுவரை ஒட்டி வெள்ளை வேட்டியும் வெற்று மேலுமாக நின்று கத்தினார்.

"ஒரு பல்லிக்காகவாய்யா?"

"பல்லி இல்லீங், பச்சோந்தி," என்றார் ஆறுக்குட்டி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து.

"நான் இங்க இருக்கறேன்."

ஆறுக்குட்டி ஜன்னலைப் பார்த்தார். "அது பதினாறு நாளா அந்த எடத்தத்தானுங் காட்டுது. நான்தான் பாக்கல. உங்க தரைய நானே திருப்பிப் பூசிக் குடுக்கறனுங். இன்னிக்கு மட்டும் உடுங்க."

"எங்க பாத்து பேசற நீ? இந்தப் பக்கம்."

எல்லாரும் இந்தப் பக்கம் என்பது எது என்று தேடினார்கள். தான் இருப்பதே தெரியாத கூட்டத்திடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது, ராசப்பன் சுவரை விட்டு நகர்ந்து முகம் தெரிய நின்று மூச்சு விட்டார். "மூணுக்கு மூணு. அதுக்கு மேல ஒரு விரக்கடை போகக்கூடாது," என்று சொல்லி, கடப்பாரையையும் அவரே கொண்டுவந்தார்.

பதினேழாம் நாள் காலையில் தரை உடைந்தது. உள்ளே மண் இருந்தது, ஆனால் எட்டு மாதமாக மூடிக் கிடந்து செங்கல்லாக இறுகிய மண். கொத்திவிட்டு நனைக்கலாம் என்றால் தண்ணீர் இல்லை. குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் வரும், அடுத்தது நாளைக்குத்தான், எல்லா வீட்டிலும் அடித் தண்ணீர்தான் கிடந்தது. வீட்டுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார்கள், மேல்மண் கறுத்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ராஜாங்கத்தை அதில் விட்டார்கள். அது இரண்டு பிறாண்டு பிறாண்டிவிட்டு நின்றது.

"பாத்துக்கிட்டே நின்னா?" என்றாள் கோகிலவாணி. "வீட்டுக்குள்ள போனா எல்லாம் இடுக்குல பாப்பீங்க, உங்களத் தெரியாதா எனக்கு. வாங்க எல்லாம். மூக்கு செவுத்துல ஒட்டோணும். பக்கத்தாளு திரும்புனா பக்கத்தாளு சொல்லோணும்."

அப்படியாக ராசப்பன் லைனின் நாற்பத்தொரு பேரும், கிழவர் குமரி குழந்தை வேறுபாடு இல்லாமல், மூன்று பக்கச் சுவரிலும் மூக்கை ஒட்டி, வாசலுக்கு முதுகு காட்டி நின்றார்கள், சுண்ணாம்பு வெள்ளை மெதுவாக அவர்கள் கழுத்திலும் கையிலும் ஏறியது, சேலைகளும் லுங்கிகளும் பனியன்களும் மட்டும் கொடியில் காய்வதுபோல வரிசையாக நின்றன. கால் மணி போயிற்று. அப்போது குழாய் உஸ்ஸென்று மூச்சு விட்டது.

அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்திலும் எழுந்து ஓடுகிற ஜனம் அது. முறை வைத்து, குடம் எண்ணி, ஒரு கை தண்ணீரை வீணாக்கியவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த லைன். ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது தண்ணீர். முதலில் காற்று, பிறகு துப்பல், பிறகு திறந்து கிடந்த குழாயிலிருந்து கெட்டியாக விழுந்து சிமெண்டில் பரவி ஓடுகிற சத்தம். நாற்பத்தொரு முதுகும் ஒரே சமயத்தில் துடித்தன. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

ஆறுக்குட்டிக்குத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "போங்க. போய்ப் புடிச்சுக்குங்க. எட்டு நாளைக்கு என்ன பண்ணுவீங்க. நான் பாத்துக்கறேன், போங்க."

யாரும் அசையவில்லை.

"பேசாதீங்ணா," என்றது பக்கத்துச் சுவர், கோகிலவாணியின் குரலில், மிகவும் மெதுவாக. "அதுக்குக் கேக்கும்."

தண்ணீர் ஓடியது. பன்னிரண்டு வீட்டு எட்டு நாளும், குளியலும் சோறும் துவைப்பும், சிமெண்டில் சரிந்து, வெள்ளிக்கிழமை தோறும் கழுவி வழவழப்பான தரையில் தடையில்லாமல் ஓடி, உடைத்த இடத்துக்குள் இறங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. இறுகிய மண் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, பசித்த குழந்தை குடிப்பதுபோல. அப்புறம் அதுவும் இல்லை.

ஆறுக்குட்டி சுவரில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கை. நேரம் போய், முழங்கால் கடுத்து, இனி முடிந்தது, செத்துத்தான் போயிருக்கும் என்று அவர் உதட்டைக் கடித்தபோது, சுண்டு விரல் ஒன்று கறுத்தது. அடுத்து, வரிசையில் நான்காவதாக நின்றவரின் முழங்கை. அடுத்து மூன்றாம் நம்பர்ப் பெண்ணின் கழுத்து. திரும்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு முட்டைக்கு ஒரு தவணையாக லைன் தன் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, மூக்கு, முன்கை, பிடரி, ஒரு கைக்குழந்தையின் மொத்தக் காலும், உதட்டுக்குள்ளேயே எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றோடு நின்றது. எல்லாரும் முழுசாகிவிட்டார்கள், ராசப்பனின் இடது காது மட்டும் வெள்ளை.

நாற்பது பேரும் சுவரிலிருந்து மூக்கை எடுக்காமல் கண்ணை மட்டும் ஓட்டி ராசப்பனின் காதைப் பார்த்தார்கள். தன்னுடைய காதைத் தான் பார்க்க முடியாத ராசப்பன், "என்னாச்சு, என்னாச்சு," என்று காற்றாகக் கேட்டார். ஒரு முட்டை உள்ளே தங்கினாலும் போதும், தாய் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் எந்த நிறத்தையும் ஆறுக்குட்டி அப்படிப் பார்த்ததில்லை. காது வெள்ளையாகவே இருந்தது. கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மடலின் நுனியில் ஒரு நிழல் விழுந்ததுபோலப் பட்டது, அது கீழே இறங்கியது, இறங்கி, மயிர் முளைத்த, சதா கோபத்தில் சிவந்திருக்கிற, ராசப்பனுடைய பழைய காதாகவே ஆயிற்று.

அப்போதும் யாரும் திரும்பவில்லை. மண்ணைத் தள்ளி மூடி முடிக்கட்டும் என்று நின்றார்கள். முருங்கைக் கிளை அசைகிற சத்தம் வந்த பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ராஜாங்கம் கிளையின் பாதியில், வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, மண் அப்பிய மூக்கோடு உட்கார்ந்திருந்தது. பச்சையா என்றால் இன்னும் பச்சை இல்லை, வாடிய முருங்கை இலையின் நிறம். ஆறுக்குட்டி தன் கையைக் கிளைமேல் வைத்துப் பார்த்தார். கை கையாகவே இருந்தது. நாற்பது கறுப்பில் எதுவும் இல்லை அது.

குழாயில் தண்ணீர் விரல் பருமனுக்கு மெலிந்திருந்தது. ராசப்பன் காதைத் தடவிக்கொண்டே உடைந்த ஓரத்தை ஜாணால் அளந்தார். மூணுக்கு மூணுக்கு மேல் ஒரு விரக்கடை போயிருந்தது, கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு யாரு முறை?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒன்றாம் நம்பர், ராசப்பன் வீட்டு முறைதான். கோகிலவாணி அவர்கள் வீட்டுக் குடத்தை எடுத்து, நனைந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு போய், குழாய்க்கு அடியில் வைத்தாள். ஆறுக்குட்டி இரண்டாவது குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அது நிறைவதற்காகப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.